அரைப் பங்கு முதலாளி

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நகரத்தில் பாதி லிஃப்டுகளுக்கு எண்ணெய் போட்டு, கயிறு மாற்றி, கதவு சரிசெய்கிற மனிதர், சாயங்காலம் நாலு மாடி படியேறித்தான் தன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவருக்காவது பரவாயில்லை, கால் இரும்பு மாதிரி உறுதி. வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தது. காய்கறிப் பையோடு ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து நின்று, அந்தப் படியைக் கட்டியவன் வம்சத்தையே நலம் விசாரித்துவிட்டுத்தான் மேலே வந்து சேருவார்.

அதனால்தான் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து, லிஃப்ட் உள்ள ஒரு புதுக் கட்டடத்தில் வீடு பேசி முடித்தார்கள். முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணமும் போச்சு, வீடும் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போச்சு. கட்டடக்காரர் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு இரண்டு விதத்திலும் லாபம்.

திங்கட்கிழமை லிஃப்ட்காரர் வங்கிக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"உங்க கணக்கு முடங்கியிருக்கு சார்."

"ஏன்மா? நான் ஒண்ணும் பண்ணலியே."

"வெளிநாட்டுல சொத்து மறைச்சு வச்சிருக்கீங்களாம்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முதல்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் நகர்ந்து காற்று வர வழிவிட்டார். லிஃப்ட்காரர் வேறு யாரையோ சொல்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். வெளிநாடாவது ஒன்றாவது. அவர் வாழ்நாளில் அதிகத் தூரம் போனதெல்லாம் மேல்நோக்கித்தான்.

வீட்டில் விஷயம் வெடித்தது.

"எனக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்க ரெண்டு கடை ஏறி விலை கேக்கற மனுஷன், வெளிநாட்டுல சொத்து சேர்த்து வச்சிருக்காராம்டா!" என்று வீட்டுக்காரம்மா தம்பியிடம் முறையிட்டார். "யாரு பேர்ல வச்சிருக்கார்னு முதல்ல விசாரி."

தம்பிக்கு அந்தத் தெருவில் நிபுணர் என்று பேர். குக்கர் விசில் முதல் உலகப் பொருளாதாரம் வரை அவருக்குத் தெரியாத துறை கிடையாது. எந்தத் துறையிலும் வேலை கிடையாது. நிபுணர் தாடையைச் சொறிந்தார். அக்கா முகத்தைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்திடம் சொன்னார்:

"அந்த அரைப் பங்கா இருக்குமோ?"

அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு நிபுணர் அவர் கைபேசியை வாங்கி, பங்கு வாங்குகிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். "மாமா, இத்தனை வருஷமா யார் கம்பெனி லிஃப்டைத் தொட்டுத் துடைக்கறீங்க? அந்த வெளிநாட்டுக் கம்பெனியில நீங்களும் ஒரு முதலாளி ஆக வேணாமா? பொத்தானை அமுக்குங்க" என்றார். முழுப் பங்கின் விலை மலைக்க வைத்தது. அரைப் பங்காகவும் கிடைக்கும் என்றது செயலி. அமுக்கினார். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில், லிஃப்டுக்குள் பதித்திருந்த அந்தக் கம்பெனியின் பெயர்த்தகட்டைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

"அதுல லாபத்துல பங்குன்னு ஏதாச்சும் வந்துச்சா மாமா?"

"வந்துச்சு மாப்ள. ஒரு டீயும் பிஸ்கட்டும் சாப்பிடற அளவுக்கு. அதுலயும் அந்த நாட்டு அரசாங்கம் பிஸ்கட்டை அங்கேயே பிடிச்சுக்கிச்சு. டீ மட்டும்தான் என் கைக்கு வந்துச்சு."

"அதை நம்ம வரிக் கணக்குல காட்டினீங்களா?"

"டீயையா?"

நிபுணர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்கு அன்று ஒரு முக்கியமான வேலை இருப்பது அப்போதுதான் தெரிந்ததாம்.

அவர் கணக்கை முடக்கிய வரி அலுவலகத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பிரிவு ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. லிஃப்ட்காரருக்கு அந்தக் கட்டடம் தண்ணிபட்ட பாடு. அங்கிருந்த லிஃப்ட் அவர் கைக்குழந்தை மாதிரி. அதில் ஏறி மேலே போனால், நாற்காலிகள் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்ட ஒரு கூடம். சுவரில் ஒரு பலகை: 'டோக்கன் இல்லாதவர்கள் காத்திருக்க அனுமதியில்லை. டோக்கன் பெறக் காத்திருக்கவும்.'

காத்திருந்து டோக்கன் வாங்கி, டோக்கனோடு காத்திருந்து, ஒரு வழியாகத் துணை அதிகாரி முன்னால் உட்கார்ந்தார். துணை அதிகாரி ஒல்லியான, சுத்தமான மனிதர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்கள். யார் மேலும் கோபம் கிடையாது, யார் மேலும் இரக்கமும் கிடையாது. விதியைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு ஈரம் வரும்.

"உங்க கைக்கு வந்தது டீ. ஆனா உங்க வருமானம் டீயும் பிஸ்கட்டும். ரெண்டுக்கும் இங்க வரி உண்டு."

"பிஸ்கட்டை நான் பார்க்கவே இல்லையே சார். அதை அந்த நாட்டுக்காரங்க வரியாப் பிடிச்சுட்டாங்க."

"ரொம்ப நல்லது. அங்க கட்டின வரியை இங்க கழிச்சுக்கலாம். ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை வரி வாங்கற கொடுமை நம்ம நாட்டுல கிடையாது." அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. "பிஸ்கட்டைப் பிடிச்சதுக்கு அந்த அரசாங்கத்தோட அத்தாட்சி குடுங்க, போதும்."

"அதை அவங்க எப்ப சார் குடுப்பாங்க?"

"அவங்க வருஷம் முடிஞ்சப்புறம்."

"நான் உங்களுக்கு எப்பக்குள்ள தரணும்?"

"அதுக்கு முன்னாடி."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

"அடுத்தது மதிப்பு" என்று துணை அதிகாரி பச்சைப் பேனாவை எடுத்தார். "உங்க பங்கு இந்த வருஷத்துல எந்த நாள் உச்ச விலைக்குப் போச்சோ அந்த விலை. அந்த நாட்டுப் பணம் நம்ம பணத்துக்கு எதிரா எந்த நாள் உச்சத்துல இருந்துச்சோ அந்த மதிப்பு. ரெண்டையும் பெருக்கணும்."

"ரெண்டும் ஒரே நாள்லயா சார் நடந்துச்சு?"

"இல்ல. ஒண்ணு மழைக்காலத்துல, ஒண்ணு வெயில் காலத்துல."

"அப்ப அந்த விலைக்கு என் பங்கு எந்த நாளும் போகலியே?"

"உலகத்துல போகல. எங்க விதியில போயிருக்கு." துணை அதிகாரி அன்போடு புன்னகைத்தார். "மறைச்சதுக்கான அபராதம் தனி."

அபராதத் தொகையைக் காட்டினார். அது அந்த அரைப் பங்கைவிடப் பெரிது. அந்தப் பங்கை வாங்கிய கைபேசியைவிடப் பெரிது. அந்தக் கைபேசியைச் சார்ஜ் போடுகிற வீட்டுக்கு இரண்டு வருஷ வாடகையைவிடப் பெரிது. லிஃப்ட்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. அந்தக் கம்பெனியோட சொத்து ஏதாவது இந்த நாட்டுல இருக்கா, உங்களுக்குத் தெரிஞ்சு?"

இந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் வேலையில் பெருமை உள்ள ஒரு மெக்கானிக்கிடம் அப்படிக் கேட்கலாமா? அழுகிற நேரத்திலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! இந்தக் கட்டடத்து லிஃப்டே அந்தக் கம்பெனிதானே. நான்தான் பார்த்துக்கறேன். கதவு உருளை கொஞ்சம் தேஞ்சிருக்கு, இந்த வாரம் மாத்தணும்."

துணை அதிகாரி மெல்லச் சிவப்புப் பேனாவை எடுத்தார். "அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"நல்லா இருந்தா அசையும் சார்."

மறுநாள் காலையில் அந்த லிஃப்ட் கதவில் காகிதம் ஒட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். 'விசாரணையிலுள்ள வெளிநாட்டுச் சொத்து. மேற்படி சொத்தின் பங்கு உரிமையாளர் இதைத் தொடுவதோ, பழுது பார்ப்பதோ, எண்ணெய் இடுவதோ தண்டனைக்குரியது.' மேற்படி உரிமையாளர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்பது மாடி படியேறினார்.

அன்று அவரை மேலதிகாரியிடம் அனுப்பினார்கள். மேலதிகாரி கனத்த உடம்புக்காரர், படியேறமாட்டார். அதனால் முடக்கிய லிஃப்டில் தான் மட்டும் போய்வரத் தனக்குத் தானே சிறப்பு அனுமதி எழுதி, தானே ஒப்பமிட்டு, தானே பெற்றுக்கொண்டிருந்தார்.

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுப் பணம் கட்டணும். என் சம்சாரத்துக்கு முழங்கால் முடியல. அந்த அரைப் பங்கை நீங்களே எடுத்துக்கங்க. அபராதத்தை வேணா மாசாமாசம் கட்டறேன். கணக்கை மட்டும் திறந்து விடுங்க."

மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி முனகியது.

"நாங்க பணத்துக்கு அலையறோம்னு ஜனங்க நினைக்கறாங்க. தப்பு. உங்ககிட்ட வரவேண்டிய வரி அரை டீ காசு. அதைப் பிடிக்க நாங்க போட்ட கடிதங்களுக்கு ஆன செலவுல இந்தத் தெருவுக்கே டீ வாங்கிக் குடுக்கலாம். நாங்க என்னைக்காவது அந்தச் செலவைப் பத்திக் கவலைப்பட்டிருக்கோமா? அதான் சேவை."

"அப்போ பெரிய பெரிய ஆளுங்க, தீவுலயெல்லாம் பணம் போட்டு வச்சிருக்காங்களாமே சார்..."

"அவங்க பாவம், ஒழுங்கா மறைக்கறாங்க. ஒழுங்கா மறைச்சதை நாங்க எப்படிய்யா கண்டுபிடிக்கறது?" மேலதிகாரி நிஜமாகவே வருத்தப்பட்டார். "மறைக்கத் தெரியாதவங்கதான் இந்தப் பிரிவோட முதுகெலும்பு. உங்களை மாதிரி நாலு பேர் இல்லன்னா இந்த மாடியையே மூடிடுவாங்க. எத்தனை குடும்பம் உங்களை நம்பியிருக்கு தெரியுமா?"

லிஃப்ட்காரர் அழுதார். வெட்கமில்லாமல், கைக்குட்டை கூட இல்லாமல் அழுதார்.

"அழாதீங்க. பங்கை விக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வித்தா லாபத்துக்கு வேற வரி. நஷ்டம்னா அதை நிரூபிக்கணும். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, அவங்க எங்க அளவுக்கு நல்லவங்க இல்ல. வெள்ளிக்கிழமை சம்சாரத்தோட வாங்க. கூட்டுக் கணக்கு, அவங்களும் நேர்ல வரணும்."

"அவளால ஒன்பது மாடி ஏற முடியாது சார்."

"லிஃப்ட் இருக்கே" என்ற மேலதிகாரி, சட்டென்று நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஓ. அது உங்க சொத்துல்ல."

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகம் துடைத்து, மறுபடி ஏறினார். ஐந்தாவது மாடிக்கு மேல் ஒரு பக்கம் கைப்பிடியும் மறுபக்கம் புருஷனும். வழக்கமாகப் படி கட்டியவனைத் திட்டுகிறவர் அன்று யாரையும் திட்டவில்லை. அதுதான் லிஃப்ட்காரருக்குப் பயமாக இருந்தது. ஒன்பதாவது மாடி நாற்காலியில் உட்கார்ந்ததும் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏங்க, இறங்கறதுக்கும் இதே படிதானே?"

அப்போது லிஃப்ட் குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். தன் பிள்ளையின் இருமலைக் கூட்டத்திலும் அடையாளம் காண்கிற தகப்பன் மாதிரி, "உருளை போயிடுச்சு" என்றார். அடுத்து, எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவிலிருந்து மேலதிகாரியின் குரல் கேட்டது.

"யாராவது திறங்கய்யா!"

கூடமே எழுந்து ஓடியது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் மேலதிகாரியின் முன்வழுக்கையும் பயந்துபோன இரண்டு கண்களும் தெரிந்தன. லிஃப்ட்காரர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். துணை அதிகாரி குறுக்கே நின்றார்.

"தொடாதீங்க. முடக்கின சொத்து."

"உள்ள ஆள் இருக்காரு சார்!"

"இருக்காரு. சிறப்பு அனுமதியோட இருக்காரு. உங்களுக்கு அனுமதி இல்ல."

"யோவ், நான் உத்தரவு போடறேன், திறக்க விடு!" என்று இடுக்கு கத்தியது.

"வாய்மொழி உத்தரவு செல்லாதுன்னு சுற்றறிக்கை போட்டதே நீங்கதான் சார்" என்றார் துணை அதிகாரி, குரலில் அந்த ஈரத்தோடு.

உள்ளே மேலதிகாரி கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு மூச்சு வாங்கும் சத்தம். லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை. இடுக்கில் வாய் வைத்து, "பயப்படாதீங்க சார், கயிறு பத்திரமா இருக்கு. உக்காந்துக்கங்க" என்றார். வீட்டுக்காரம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்; அது இடுக்கில் நுழையவில்லை. கடைசியில் ஒரு தாளும் பேனாவும் நுழைந்தன. லிஃப்டின் மீதும் வங்கிக் கணக்கின் மீதும் உள்ள முடக்கத்தை நீக்கி, அபராதத்தையும் தள்ளுபடி செய்து, மேலதிகாரி முழங்காலில் வைத்து எழுதி ஒப்பமிட்டார். அத்தனை வருஷப் பணியில் அவர் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை. தாள் வெளியே வந்த அதே நொடியில் லிஃப்ட்காரர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். மேலதிகாரி நாலு காலில் தவழ்ந்து ஒன்பதாவது மாடியில் வந்து விழுந்தார்.

லிஃப்ட்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் துணை அதிகாரியிடம் நீட்டினார். வங்கி மூட இன்னும் நேரமிருந்தது. வீட்டுக்காரம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

துணை அதிகாரி தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மேலதிகாரியிடம் பணிவாகக் கேட்டார்.

"சார், இதை எங்க வச்சு ஒப்பமிட்டீங்க?"

"கண்ணு தெரியலையா? லிஃப்டுக்குள்ள!"

"அதாவது வெளிநாட்டுச் சொத்துக்குள்ள. அப்போ இது வெளிநாட்டு ஆவணம். அந்த நாட்டு அரசாங்கத்தோட அத்தாட்சி இல்லாம இங்க செல்லாது."

"குடுய்யா, இங்கேயே இன்னொரு தடவை போட்டுத் தொலைக்கறேன்!"

துணை அதிகாரி தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அதுல இன்னொரு சிக்கல் சார். நீங்க முன் அனுமதி வாங்காம வெளிநாடு போயிட்டு வந்திருக்கீங்க. உங்க சிறப்பு அனுமதி லிஃப்டுல போறதுக்குத்தான். அங்க தங்கறதுக்கு இல்ல. விசாரணை முடியற வரைக்கும் உங்க ஒப்பத்துக்கு அதிகாரம் கிடையாது. பொறுப்பை நான் ஏத்துக்கறேன். நீங்க டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

மேலதிகாரி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார். லிஃப்ட்காரருக்கு அந்த வாயைப் பார்த்ததும் தன் வாயையே பார்த்ததுபோல் இருந்தது.

பிறகு மூன்று பேரும் முடுக்கப்பட்ட நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடிகார முள் வங்கி மூடுகிற நேரத்தை நோக்கி நகர்ந்தது. லிஃப்ட்காரர் மனைவியின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வீங்கியிருந்தது. இந்தக் கால் இனி தினமும் நாலு மாடி ஏறும், சாகிற வரை ஏறும், எல்லாம் ஒரு பொத்தானால் என்று நினைத்தபோது அவருக்கு எழுந்துபோய் லிஃப்ட் குழிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது. அதுவும் தன் சொத்தைத் தொட்ட குற்றமாகிவிடும் என்பதால் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி" என்றது பக்கத்து நாற்காலி. மேலதிகாரியின் குரல் குழைந்திருந்தது. "ஒரு விதி இருக்கு. நானே எழுதினது. ஒரு பொருள் எந்த நாட்டோடதுன்னு சந்தேகம் வந்தா, உரிமம் உள்ள தொழில்காரர் ஒருத்தர் எழுதிக் குடுத்தா அதுவே முடிவு. இந்த லிஃப்டுக்கு உரிமம் உள்ளவர் நீங்கதானே? அது உள்நாடுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க தம்பி. என் வேலை போயிடும்."

லிஃப்ட்காரர் யோசித்தார். பொய் சொல்ல வேண்டியதில்லை. கயிறு போன வருஷம் மாற்றியது, உள்ளூர்க் கயிறு. மோட்டாரும் அப்படித்தான். கதவு, விளக்கு, விசிறி, பொத்தான்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையால் மாறியவை. வெளிநாடு என்று மிச்சமிருந்தது தேய்ந்த உருளையும் பெயர்த்தகடும்தான். உருளையும் இப்போது போய்விட்டது. அவர் ஆவலோடு பேனாவை எடுத்தார்.

வீட்டுக்காரம்மாவின் கை அந்தப் பேனா மேல் வந்து உட்கார்ந்தது. வந்ததிலிருந்து ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தவர், மேலதிகாரியைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"அம்மா..."

"இவருக்கு இப்ப சாப்பாட்டு நேரம். திங்கக்கிழமை வாங்க. படியேறி வாங்க."

மேலதிகாரி கைகூப்பினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். வீட்டுக்காரம்மா அதை நன்றாக, ஆசை தீர ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கையை எடுத்தார். "எழுதிக் குடுங்க. வங்கியை மூடிடப் போறாங்க."

சான்றைத் துணை அதிகாரி மூன்று நிறப் பேனாவாலும் சரிபார்த்தார். லிஃப்ட் உள்நாடு. ஆகவே அதற்குள் போட்ட ஒப்பமும் உள்நாடு. ஆகவே மேலதிகாரி எங்கேயும் போகவில்லை. ஆகவே உத்தரவு செல்லும். "விதிப்படி சரி" என்று முத்திரை குத்தினார். அவர் முகத்தில் தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. ஒரு கணக்கு மீதியில்லாமல் வகுபட்ட திருப்தி மட்டும் இருந்தது. "அந்த அரைப் பங்கை அடுத்த வருஷம் மறக்காம காட்டணும்" என்றார் கனிவாக.

லிஃப்ட்காரர் எங்கோ ஒரு பெட்டியிலிருந்து உள்ளூர் உருளையைக் கொண்டுவந்து மாட்டி, மனைவியை லிஃப்டிலேயே கீழே இறக்கினார். வங்கிப் பெண் கதவைச் சாத்தப் போகும்போது லிஃப்ட்காரர் இடுக்கில் கட்டைவிரலைக் கொடுத்து நிறுத்தினார். பணம் போய்ச் சேர்ந்தது. கட்டடக்காரர் சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தார்.

புதுக் கட்டடத்தில் அவர்கள் வீடு எட்டாவது மாடி. கீழே லிஃப்ட் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரம்மா கல்யாணப் பெண் மாதிரி உள்ளே போய் நின்றார். லிஃப்ட்காரர் வாசலிலேயே குனிந்தார். பெயர்த்தகட்டைப் பார்த்தார். அதே கம்பெனி. கதவைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், திருகாணியைக்கூடத் தடவிப் பார்க்கப் போய், தடவாமல் கையை இழுத்துக்கொண்டார். எல்லாம் புத்தம் புதுசு. ஒரு ஆணிகூட உள்ளூர் கிடையாது.

"ஏங்க, ஏறுங்க."

"நீ போ. இது முழுசா அந்த நாடு. நான் ஏறினா என் சொத்தை நானே அனுபவிச்சதா ஆயிடும். அப்புறம் அதைக் கணக்குல காட்டணும்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர். "எட்டை அமுக்கு. மெதுவாப் போகும், பயப்படாதே."

கதவு சத்தமில்லாமல் மூடியது. எந்தச் சுவரிலும் சாயாமல், யார் வம்சத்தையும் விசாரிக்காமல், அவர் மனைவி வழுக்கிக்கொண்டு மேலே போனார். அந்தச் சத்தமின்மையைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, லிஃப்ட்காரர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது. கை தானாகக் கைப்பிடியை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்தினார். கைப்பிடி நல்ல பளபளப்பாக இருந்தது.

எந்த நாட்டுத் தயாரிப்போ, யார் கண்டது. கையைக் கட்டிக்கொண்டு ஏறினார்.